சரிபாதி

இந்தக் கதையில் குருவுக்குச் சீடரைவிட இருபது வயது குறைவு. காவி கிடையாது, தாடி கிடையாது. குரு ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் பெண்மணி. பெயர் இசக்கியம்மாள். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பிழைப்பு ஆஸ்திரேலியாவில், பெண்டிகோ என்ற பழைய தங்கச் சுரங்க நகரத்துக்கு வெளியே.

அந்தப் பக்கத்துக் காடுகளில் விடுமுறை நாளில் தங்கம் தேடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. ஒரு அனுமதிச் சீட்டு, மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்துகிற ஒரு டிடெக்டர், மண்ணைக் கொத்த ஒரு சின்னக் குந்தாலி இருந்தால் போதும். கிடைத்தது கிடைத்தவருக்கு. இசக்கியும் தேடப் போவாள். ஆனால் அவளுக்குப் பெயர் வந்தது தேடியதால் அல்ல. மற்றவர்கள் எடுத்து வருவதைப் பார்த்து, இது இன்ன விலை பெறும் என்று சொல்வாள். பிடித்தால் வாங்கிக்கொள்வாள், இல்லாவிட்டால் விற்றுக் கொடுப்பாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒரு மேசை, ஒரு விளக்கு, பல் டாக்டர் கழித்துப் போட்ட கூர்மையான கருவிகள். கல்லின் இடுக்கில் ஒட்டியிருக்கும் களிமண்ணை அந்தக் கருவிகளால்தான் எடுப்பாள். நோகாமல் எடுப்பாள்.

சீடர் தண்டபாணி. கும்பகோணத்தில் ஒரு வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அடகுக்கு வரும் நகையை உரைகல்லில் உரசி, அசலா போலியா என்று சொல்வது அவர் வேலை. மனைவி போன பிறகு மகன் இங்கே அழைத்துக்கொண்டான். மகனும் மருமகளும் விடிந்தால் வேலைக்கு ஓடுவார்கள். பேரப்பிள்ளைகளின் பேச்சு அவருக்குப் புரியாது, அவர் பேச்சு அவர்களுக்குப் புரியாது. டி.வி.யில் வானிலை அறிக்கை பார்த்துக்கொண்டிருந்த மனிதர் எப்படியோ தங்கம் தேட வந்து சேர்ந்தார். வேறு எதைத் தேடுவார்?

முதல் தடவை அவர் இசக்கியிடம் வந்தது ஒரு கொண்டைக்கடலை அளவு தங்கக் கட்டியோடு.

“பார்த்துச் சொல்லுங்கம்மா.”

இசக்கி விளக்கைக் கிட்டே இழுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.

“இந்தப் பக்கம் ஒரு கீறல் கிடக்கே ஐயா?”

“உரைகல்லுல உரசிப் பார்த்தேன்.”

“எதுக்கு?”

“அசல்தானான்னு தெரிய வேணாமா?”

“மண்ணுக்குள்ள இருந்து நீங்களே தோண்டி எடுத்தது. இதுல உங்கள ஏமாத்துறதுக்கு யாரு இருக்கா?”

தண்டபாணி யோசித்தார். வாஸ்தவம்தான்.

“முப்பது வருஷம் உரசின கைம்மா. அதுபாட்டுக்குப் போயிடறது.”

இசக்கி சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அன்றிலிருந்து போகிற இடமெல்லாம் ‘என் குரு’ என்று சொல்ல ஆரம்பித்தார். இசக்கிக்கு அது கூச்சமாக இருந்தது. சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கிற ஆள் இல்லை.

குரு என்று ஆன பிறகு ஏதாவது சொல்லித்தர வேண்டுமே. அவள் சொல்லித்தந்தது கொஞ்சம்தான்.

“ரெண்டு விதம் ஐயா. ஒண்ணு எடைக்குப் போறது. இன்னொண்ணு முகத்துக்குப் போறது. பொடியும் சில்லும் எடைக்குப் போகும். உருக்குறவன் வாங்கிக்கிடுவான். முகம் இருக்கிறத உருக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, அமிலத்துல போடக் கூடாது. அது எப்படி முளைச்சுதோ அப்படியே இருக்கணும்.”

“முகம் இருக்குன்னு எப்படித் தெரியும்?”

“பார்த்த உடனே எடை போடத் தோணாது. அதான் அடையாளம்.”

தண்டபாணி தலையாட்டினார். அவருக்கு எதைப் பார்த்தாலும் எடை போடத்தான் தோன்றும். அதை அவர் வெளியே சொல்லவில்லை.

அவர் தனியாகத் தேடப் போவதில்லை. கூட்டாளி ஒருவர் உண்டு. அருளப்பன், நாகர்கோவில்காரர். மெல்பர்னில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்று, இங்கே தனியாக இருப்பவர். கார் அவருடையது, டிடெக்டர் தண்டபாணியுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஹாரன் சத்தம் கேட்கும். தண்டபாணி அதற்கு முன்பே தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலுமாக நின்றுகொண்டிருப்பார். திங்களிலிருந்து சனி வரை அவர் உயிரோடு இருந்தது அந்த ஹாரனுக்காகத்தான் என்று சொன்னால் மிகையில்லை.

காட்டில் ஒருவர் டிடெக்டரை வீசி நடப்பார், மற்றவர் தோண்டுவார். களைத்தால் மாற்றிக்கொள்வார்கள். பேச்சு ஓயாது. டிராமில் ஏறிய குடிகாரர்கள், வங்கிக்கு வந்த கவரிங் வளையல்கள், இருவர் வீட்டு ரசத்துக்கும் உள்ள வித்தியாசம்.

சாயங்காலம் காரின் முன்பக்க மூடிமேல் ஒரு துண்டை விரித்து, தண்டபாணி தன் சின்னத் தராசை வைப்பார். கிடைத்த பொடியையும் சில்லையும் இரண்டாகப் பிரிப்பார். ஒரு சில்லு கூடுதலாக நின்றால் சின்னக் கத்திரியால் அதையும் இரண்டாக நறுக்குவார்.

“பாருங்க சார், முள்ளு நடுவுல நிக்குது.”

“சரி சார்.”

அருளப்பன் முள்ளைப் பார்க்க மாட்டார். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருப்பார். உரித்ததில் பாதியை நீட்டுவார். அந்தப் பாதி சில சமயம் பெரிதாக இருக்கும், சில சமயம் சின்னதாக இருக்கும். தண்டபாணிக்கு அது கொஞ்சம் உறுத்தும்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு பெருமழைக்குப் பிறகு, வேரோடு சாய்ந்த ஒரு மரத்தின் குழியில் டிடெக்டர் அடித்தொண்டையில் முனகியது. அருளப்பன் தோண்டினார். முழங்கை ஆழத்தில் ஒரு கல் வந்தது. பளிங்கு போன்ற வெள்ளை வெங்கச்சங்கல், உருளைக்கிழங்கு பருமன். தண்டபாணி பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினார்.

கல்லின் ஒரு பக்கம் முழுக்கத் தங்கம். கட்டியாக இல்லை. நடுவில் ஒரு தண்டு, அதிலிருந்து இரண்டு பக்கமும் இலை இலையாக, பெரணிச் செடியைப் போல. யாரோ செய்து ஒட்டியது மாதிரி இருந்தது. யாரும் செய்யவில்லை.

அருளப்பன் தொப்பியைக் கழற்றினார். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. பேசாமல் இருந்தது அவர்களுக்கே புதிதாக இருந்தது.

சாயங்காலம் தண்டபாணி துண்டை விரித்தார்.

“இத எடை போட வேண்டாம் சார்,” என்றார் அருளப்பன். “உங்க வீட்டுல இருக்கட்டும்.”

“அப்ப பங்கு?”

“பங்கு எங்க ஓடியா போகுது? இருக்கட்டும் சார்.”

தண்டபாணி கல்லைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் அது கனத்தது. இருக்கட்டும் என்றால் எதுவரைக்கும் இருக்கட்டும்? நாளைக்கே, கல் இன்னும் பெரிதாக இருந்ததே என்று இவர் கேட்டால்? நான் திடீரென்று கண்ணை மூடினால் மகனுக்குக் கணக்கு தெரியுமா? இல்லை, இவ்வளவு பெரிய மனசு காட்டுகிறாரே, இதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்குமோ? வங்கியில் அவர் பார்த்தது அப்படி. சொந்தத் தம்பி கொண்டுவந்த மோதிரத்தைக்கூட உரசிவிட்டுத்தான் உள்ளே எடுத்தார். ஒருவர் உங்களை நம்பி ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் சிலருக்குச் சந்தோஷம் வரும். தண்டபாணிக்குப் பயம் வந்தது.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு போன் செய்தார்.

“சார், அதை அறுத்துப் பிரிச்சுடலாம்னு பார்க்கறேன். ஆளுக்குப் பாதி. கணக்கு சுத்தமா இருக்கும்.”

மறுமுனையில் ரேடியோவை அணைக்கிற சத்தம் கேட்டது.

“அறுக்கணுமா சார்?”

“நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க.”

“உங்க இஷ்டம் சார்.”

உங்க இஷ்டம் என்பதைத் தண்டபாணி சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். குருவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் விலை கேட்கத்தான் அவருக்குக் குரு. பங்கு பிரிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தார்.

ஊரில் கல் வெட்டிப் பட்டை தீட்டுகிறவர்களின் சங்கம் ஒன்று இருந்தது. அங்கே, தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்கும் வட்ட வாள் உண்டு. தண்டபாணி நடுத்தண்டின் மேல் பென்சிலால் கோடு போட்டு, அதன்படியே அறுத்தார். நிறுத்துப் பார்த்தார். ஒரு பாதி ஒரு நெல் எடை கூடுதலாக இருந்தது. அந்த ஓரத்தைச் சாணையில் கொஞ்சம் தேய்த்தார். மறுபடி நிறுத்தார். மறுபடி தேய்த்தார். தராசில் இரண்டும் ஒன்றானபோது அவருக்கு அப்பாடா என்று இருந்தது. அன்று நிம்மதியாகத் தூங்கினார் பாவம்.

ஞாயிற்றுக்கிழமை அருளப்பன் வந்ததும், ஒரு பிளாஸ்டிக் உறையில் அவர் பாதியைக் கொடுத்தார். உறையின்மேல் எடை எழுதியிருந்தது. அருளப்பன் திறந்து பார்க்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று காட்டில் அதிகம் பேச்சில்லை.

அடுத்த ஞாயிறு ஹாரன் சத்தம் கேட்கவில்லை. போன் செய்தால், முழங்கால் வலி என்றார். அதற்கடுத்த வாரம், மருமகன் வீட்டுக்குப் போகிறேன் என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. தண்டபாணி தொப்பியோடு வாசலில் நிற்பதை மட்டும் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அவருக்குக் கையசைத்துவிட்டுப் போவார்.

ஒரு நாள் தன் பாதியை எடுத்துக்கொண்டு இசக்கியிடம் போனார். நல்ல விலை கிடைத்தால், அந்தச் செய்தியைச் சொல்கிற சாக்கிலாவது அருளப்பனைப் பார்க்கலாம் என்பது அவர் எண்ணம்.

இசக்கி உறையைப் பிரித்தாள். லென்ஸைக் கண்ணில் வைத்தாள். அப்புறம் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள்.

“மிச்சம் எங்க ஐயா?”

“அது இன்னொருத்தர் பங்கும்மா.”

“நீங்களா அறுத்தீங்க?”

“ஆமா. ஒரு இம்மி பிசகாம அறுத்தேன்.”

இசக்கி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அவளுக்கு வந்தது கோபம். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கல் அவள் கைக்கு வந்ததில்லை. வந்தபோது இப்படி வந்தது.

“ஒரு போன் பண்ணிருக்கக் கூடாதா?” என்றாள் திரும்பாமல்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கல்லைத் தராசில் வைத்து, எடைக்கு உள்ள விலையைச் சொன்னாள். பெரிய தொகை இல்லை.

“முழுசா இருந்திருந்தா?”

“சொல்ல மாட்டேன்.”

“ஏம்மா?”

“சொன்னா அந்தத் தொகைக்காக வருத்தப்பட ஆரம்பிச்சிருவீங்க.”

“வேற எதுக்கு வருத்தப்படணும்?”

இசக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கேலிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

“அந்த இன்னொரு பாதியைக் கொண்டாங்க,” என்றாள். “ரெண்டையும் வச்சுப் பாப்போம்.”

தண்டபாணி பஸ் ஏறி அருளப்பன் வீட்டுக்குப் போனார். மூன்று வருஷமாக அருளப்பன்தான் அவரைத் தேடி வந்தார். இவர் அங்கே போவது அதுதான் முதல் தடவை. அழைப்புமணியை அழுத்தினார். அருளப்பன் வந்தார். கொசுவலைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“வாங்க சார்.”

சொன்னார். கதவைத் திறக்கவில்லை.

“முழங்கால் எப்படி சார் இருக்கு?”

“முழங்காலுக்கு ஒண்ணும் இல்ல சார். நல்லாத்தான் இருக்கு.”

தண்டபாணி விஷயத்தைச் சொன்னார். இரண்டு பாதியையும் சேர்த்து வைத்தால் குரு ஏதாவது வழி பார்ப்பாள், வருகிற பணத்தில் சரிபாதி உங்களுக்கு, இப்போதே வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். அருளப்பன் முழுவதும் கேட்டார். உள்ளே போனார். பிளாஸ்டிக் உறையோடு வந்தார். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. கதவைக் கை நுழைகிற அளவு திறந்து நீட்டினார்.

“கொடுத்துட்டேன்னு நான் ஏதாவது எழுதித் தரணுமா சார்? இல்ல, வாங்கிக்கிட்டேன்னு நீங்க எழுதிக்கிடுதீங்களா?”

குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். தண்டபாணிக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது.

“நான் என்ன சார் தப்பு பண்ணேன்? ஒரு நெல் எடை கூடுதல் நான் எடுக்கலையே. பிசகாமத்தானே பிரிச்சேன்?”

“பிசகல சார்,” என்றார் அருளப்பன். “நீங்க பிசக மாட்டீங்க. எனக்குத் தெரியாதா?”

அவர் கண் கலங்கியிருந்தது. வெயில் படுகிறது என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மெதுவாக, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். தண்டபாணி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

நேராக இசக்கியின் கொட்டகைக்குத்தான் வந்தார். இசக்கி ஒரு கருப்புத் துணியை விரித்து, இரண்டு பாதிகளையும் வைத்து, மெல்ல நகர்த்திச் சேர்த்தாள். சேரவில்லை. இந்தப் பக்கத்து இலைகளும் அந்தப் பக்கத்து இலைகளும் நடுத்தண்டைத் தேடின. தண்டு இருந்த இடத்தில் ஒரு வெறும் கோடு.

“தண்டு எங்கம்மா?”

“வாள் தின்னுட்டு. மிச்சத்த நீங்க சாணையில தேய்ச்சிருக்கீங்க.”

“அந்தத் தூள்?”

“தண்ணியோட போயிருக்கும்.”

அதை அவர் நிறுத்துப் பார்க்கவில்லை. யார் பங்கிலும் அது சேரவில்லை. வாழ்க்கை முழுக்கக் கணக்கு பார்த்தவருக்கு இது முதல் தடவையாக உறைத்தது.

“ஒட்ட முடியுமா?”

“ஒட்டலாம். ஒட்டினதுன்னு சொல்லித்தான் விக்கணும்.”

“விக்க வேணாம்மா.”

அவர் இரண்டு பாதிகளையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். விலை என்ன என்று இப்போது அவர் கேட்கவில்லை.

“அவர் வரமாட்டார்ம்மா. கதவைத் திறக்கல. வாங்கன்னு சொன்னதோட சரி, உள்ள கூப்பிடல. நான் ஏமாத்தியிருந்தா கோபம் நியாயம். நான் ஏமாத்தலையே. அப்புறம் ஏன்?”

இசக்கி வாயெடுத்தாள். அதற்குள் வெளியே ஒரு பழைய லாரி வந்து இருமி நின்றது.

“செத்த இருங்க ஐயா. இவர அனுப்பிட்டுச் சொல்லுதேன்.”

உள்ளே வந்தவர் கெவின். செம்மறி ஆடுகளுக்கு மயிர் கத்தரித்துக் கத்தரித்து முதுகு வளைந்துபோன வெள்ளைக்காரக் கிழவர். காதில் கருவி. கையில் ஒரு பை எலுமிச்சம்பழம். பேச்சு இங்கிலீஷில் நடந்தது. தண்டபாணியின் வங்கி இங்கிலீஷுக்கு அது புரிகிற அளவில்தான் இருந்தது.

“எங்கே அவன்?” என்றார் கெவின்.

இசக்கி அலமாரியிலிருந்து ஒரு தங்கக் கட்டியை எடுத்துக் கொடுத்தாள். வாத்துக் குஞ்சு தலையைத் திருப்பிப் பார்ப்பது போன்ற ஒரு வடிவம். கெவின் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“விலை ஏறியிருக்கிறது. விற்றுவிடலாம்.”

“இப்போது வேண்டாம்.”

“போன மாதம் விற்கலாம் என்றது நீ.”

“போன மாதம் வேண்டாம் என்றது நீங்கள்.”

“போன மாதம் எனக்கு இடுப்பு வலி. வலியில் சொன்னது கணக்கில் வராது.”

“இந்த மாதம் எனக்கு மனசில்லை.”

“உனக்கு என்றைக்குத்தான் மனசு இருந்தது? எப்படியும் என் டிடெக்டர்தான் முதலில் கத்தியது.”

“உங்களுக்குத்தான் காது கேட்காதே. கத்தியது யாருடையது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கெவின் கொட்டகை அதிரச் சிரித்தார். டீ கேட்டார். குடித்தார். டீயில் இஞ்சி போதவில்லை என்றார். கூரையில் ஒரு தகரம் கழன்றிருக்கிறது, காற்றுக் காலத்துக்கு முன் ஆணி அடிக்க வருகிறேன் என்றார். தங்கக் கட்டியைத் தன் கையாலேயே அலமாரியில் வைத்து, இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பினார். எலுமிச்சம்பழம் மேசைமேல் இருந்தது.

லாரி சத்தம் தேய்ந்ததும் தண்டபாணி கேட்டார்.

“அந்தக் கட்டி யாருதும்மா?”

“எனக்கும் அவருக்கும். ஒரே குழியில ரெண்டு பேரும் எடுத்தது.”

“எழுதி வச்சிருக்கீங்களா?”

“இல்ல.”

“நாளைக்கு முழுசும் என்னுதுன்னு அவர் சொன்னா?”

“சொல்லலாம். நான்கூடச் சொல்லலாம்.”

“ஒவ்வொரு மாசமும் இப்படித்தான் சண்டையா?”

“இப்படித்தான்.”

தண்டபாணி அலமாரியைப் பார்த்தார். முப்பது வருஷப் பழக்கம் அவரை மீறிப் பேசியது.

“வித்து ஆளுக்குப் பாதியா எடுத்துக்கலாமேம்மா. இந்தச் சண்டை தீர்ந்துபோயிடுமே?”

“தீர்ந்துபோகும் ஐயா,” என்றாள் இசக்கி. “அப்புறம் அவர் எதுக்கு இங்க வரணும்?”